மூன்றாம் தரம் கூப்பிடாதவன்

விநாயகமூர்த்தி அண்ணைக்குக் காது மந்தம் என்றுதான் கனடாவில், அஜின்கோர்ட்டில் எங்கள் மாடிக் கட்டடத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பின்னால் நின்று ஒரு தரம் கூப்பிட்டால் அசையமாட்டார். இரண்டாம் தரமும் அசையமாட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டதும், "ஓம், சொல்லும்" என்று ஆறுதலாகத் திரும்புவார். அவருடைய வீட்டுக் கதவும் எங்களுடைய கதவும் நேர் எதிரெதிர். எனக்கோ எதற்கும் பொறுமை கிடையாது. அந்த மனிதரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே எனக்குத் தொண்டை வற்றியிருக்கிறது.

ஒருநாள் லிஃப்ற் வாசலில் வைத்து நேராகவே கேட்டுவிட்டேன்.

"மூர்த்தி அண்ணை, காதை ஒருக்கா டொக்ரரிட்டைக் காட்டினால் என்ன?"

"காது வடிவாக் கேக்குது யோகமலர். அம்மா பழக்கின பழக்கம். ஆளைக் காணாமல் குரல் மட்டும் கேட்டால், மூண்டாம் தரம்தான் திரும்போணும். பேய் ரெண்டு தரத்துக்கு மேலை கூப்பிடாது."

"கனடாக் குளிருக்கை பேய் வந்து நிண்டு உங்களைக் கூப்பிடுமோ?"

அவர் சிரிக்கவில்லை. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

அவருக்கு ஒரு விசித்திரமான வேலை. கிங்ஸ்ரன் வீதியில் எட்வேட் என்ற வெள்ளைக்காரர் நடத்திய கடையில், கடலுக்குள் முங்குகிறவர்கள் முதுகில் கட்டும் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புவது. பார்க்டேலில் அகதியாய் வந்து இறங்கிய காலத்தில் கிடைத்த வேலை, அப்படியே நிலைத்துவிட்டது. எட்வேட் ஒவ்வொரு மாசியிலும் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு எகிப்துக்கு, ஹுர்காதாவுக்கு, முங்கல் விடுமுறை கூட்டிப் போவார். மூர்த்தி அண்ணை முன்பு ஜெத்தாவில் வேலை செய்து அரபு பழகியவர் என்று தெரிந்த நாளிலிருந்து அவரையும் முங்கப் பழக்கிக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். எங்கள் ஆட்கள் பனிக்குள் பஸ்ஸுக்கு விறைத்துக்கொண்டு நிற்கையில் இந்த மனிதர் செங்கடலில் மீன் பார்த்துவிட்டு, வெயிலில் முகம் கறுத்து வந்து இறங்குவார். அவருடைய மனைவி அருள்நாயகி அதை ஒருநாளும் பெருமையாகச் சொன்னதில்லை. அவளுக்குக் கடல் என்றாலே ஆகாது.

தண்ணீருக்கு அடியில் பேச முடியாது. ஒருவரை ஒருவர் கூப்பிட வேண்டுமென்றால், கத்திப் பிடியால் சிலிண்டரில் தட்டுவார்களாம். தட்டுக் கேட்டவுடன் திரும்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். மூர்த்தி அண்ணை அதிலும் தன் பழக்கத்தை விடவில்லை. "எனக்கு மூண்டு தரம் தட்டு" என்று எட்வேட்டிடம் சொல்லிவைத்தார். எட்வேட் முதலில் திட்டினார். பிறகு அதுவே பகிடியாகி, கூட்டத்தில் எல்லோரும் மூர்த்தி என்றால் மூன்று தட்டு என்று பழகிவிட்டார்கள்.

முதல் பயணத்திலேயே அது நடந்தது. பவளப்பாறை சுவர் மாதிரி நேரே கீழே இறங்கும் ஓரிடத்தில், டங், டங் என்று இரண்டு தட்டு. அவர் மூன்றாவதுக்குக் காத்திருந்தார். வரவில்லை. படகில் ஏறியபின் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவரும் தட்டவில்லை. அடுத்த மாசியிலும் அதே இடம், அதே இரண்டு தட்டு. அதற்கு அடுத்த மாசியிலும்.

"தண்ணிக்குள்ளை சத்தம் எந்தப் பக்கத்தாலை வருது எண்டு பிடிக்கேலாது. நாலு பக்கமும் நிண்டு தட்டுற மாதிரி இருக்கும்," என்றார் என்னிடம். அருள்நாயகி கோயிலுக்குப் போயிருந்த நேரம். தேத்தண்ணீர் அவர் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"வேறை படகுக்காரர் ஆரும் தட்டியிருப்பினம்," என்றேன்.

"சிவபாதத்தைப் பற்றி உமக்கு அருள் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. அன்றைக்கு அவரே சொன்னார்.

சிவபாதம் காரைநகர்ப் பெடியன். ஜெத்தாவில் இருவரும் ஒரே அறை, ஒரே சட்டியில் சோறு. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இருவரும் கடலில் குளிக்கப் போனார்கள். மூர்த்தி அண்ணை கரையேறி, கடலுக்கு முதுகைக் காட்டியபடி தலை துவட்டிக்கொண்டு நின்றார். இருட்டிக்கொண்டு வருகிற நேரம். பின்னாலிருந்து, "மூர்த்தி" என்று கேட்டது. திரும்பவில்லை. "மூர்த்தி" என்று திரும்பவும் கேட்டது. அம்மா சொன்னது தலைக்குள் இருந்தது. மூன்றாம் தரத்துக்குக் காத்துக்கொண்டு நின்றார். தலை முழுவதும் காய்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாராம். கடலில் ஆள் இல்லை.

உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதபடியால் காரைநகரில் அவன் வீட்டார் காரியமும் செய்யவில்லை. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"ஜெத்தா ஒரு கரை, ஹுர்காதா மற்றக் கரை. செங்கடல் ஒண்டுதான் யோகமலர்," என்றார்.

ஆறிப்போன தேத்தண்ணீரை அவர் கையிலிருந்து வாங்கி ஊற்றிவிட்டு, வேறு போட்டுக் கொடுத்தேன்.

தொண்ணூற்றேழு மாசியில் அவருடைய மகள் நிலக்சியும் வருவேன் என்று நின்றாள். யூனிவர்சிற்றி முதலாம் ஆண்டு, ஒரு கிழமை லீவு. எட்வேட்டிடமே முங்கப் பழகி, சேட்டிபிக்கற்றும் எடுத்து வைத்திருந்தாள். அருள்நாயகி சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள், பலிக்கவில்லை. கடைசியில் என்னையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சாமிப்படத்துக்கு முன்னால் புருஷனை நிற்பாட்டினாள். தட்டு விஷயம் அவளுக்கும் எப்படியோ தெரிந்திருந்தது.

"இஞ்சரப்பா, பிள்ளையின்ரை தலையிலை கைவைச்சுச் சொல்லுங்கோ. அது தட்டினால் திரும்பமாட்டன் எண்டு சொல்லுங்கோ. திரும்பினால் அது உங்களைக் கூட்டிக்கொண்டு போயிடும்."

"அம்மா, திஸ் இஸ் ஸோ க்ரீப்பி," என்றாள் நிலக்சி. ஆனாலும் தலையைக் குனிந்து கொடுத்தாள். மூர்த்தி அண்ணை கைவைத்துச் சத்தியம் செய்தார்.

பிறகு நடந்ததை அவரும் சொன்னார், நிலக்சியும் சொன்னாள். இருவர் சொன்னதும் பொருந்தாததுதான் இன்றைக்கும் என் நித்திரையைக் கெடுக்கிறது.

அதே பாறைச் சுவர். அப்பாவும் மகளும் சோடி. அவர் முன்னால், அவள் பின்னால். கொஞ்சத்துக்கு ஒருமுறை அவர் திரும்பிப் பார்ப்பார். அவள் விரலை வளைத்து, சரி என்று காட்டுவாள். அப்படிப் பார்த்துவிட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, டங் என்று ஒரு தட்டு.

"சத்தியம் செய்ததெல்லாம் ஞாபகம் இருந்தது," என்றார். "ஆனா ஒண்டு விளங்கிச்சு. பேய் ரெண்டு தரத்தோடை நிப்பாட்டும் எண்டு அம்மா சொன்னவ. தண்ணிக்குள்ளை தாழுற மனிசனும் ரெண்டு தரத்தோடைதான் நிப்பாட்டுவான் எண்டு அம்மா சொல்லேல்லை. மூண்டாம் தரம் கூப்பிட சிவபாதத்திட்டை மூச்சு இருந்திருக்காது."

இரண்டாவது தட்டு விழுமுன் திரும்பிவிட்டார். பின்னால் நிலக்சி இல்லை. கீழே பார்த்தார். வெளிச்சம் போய்ச் சேராத நீலத்துக்குள் அவளுடைய மஞ்சள் சிலிண்டர் போய்க்கொண்டிருந்தது. தத்தளிப்பு ஒன்றும் இல்லை. காலை ஆறுதலாக அடித்து, போகுமிடம் தெரிந்தவள்போல் நேரே கீழே போய்க்கொண்டிருந்தாள். அவர் தலைகீழாகப் பாய்ந்து போய்க் காலைப் பிடித்தார். அவள் உதறினாள். கட்டிப் பிடித்து, சிறிது சிறிதாக மேலே கொண்டுவந்தார்.

படகில் ஏறியதும் நிலக்சி அப்பாவுடன் சண்டைக்குப் போனாளாம். "வை டிட் யூ கிராப் மீ? உங்களுக்குப் பின்னாலைதானே வந்தனான். நீங்கள்தானே கீழை நிண்டு வா, வா எண்டு கைகாட்டினீங்கள்."

"நான் உனக்கு மேலை நிண்டனான் பிள்ளை."

"நோ அப்பா. யூ வேர் இன் ஃப்ரண்ட் ஆஃப் மீ."

ஆழத்தில் காற்று மாறி வேலை செய்யும், கள்ளுக் குடித்தவர்போல மயக்கம் வரும், இல்லாததெல்லாம் தெரியும் என்று எட்வேட் விளக்கினார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அப்படியென்றால் தட்டியது யார் என்று மூர்த்தி அண்ணை கேட்டார். எட்வேட் தட்டவில்லை. மற்றவர்கள் வேறு பக்கம் போயிருந்தார்கள். நிலக்சி தன்னுடைய கத்தியைப் படகிலேயே மறந்து விட்டுவிட்டுத்தான் இறங்கியிருந்தாள்.

அதன்பிறகு அவர் கடலில் இறங்கவில்லை. கடை வேலையையும் விட்டார். பிள்ளையின் தலையில் அடித்த சத்தியம் முறிந்துவிட்டதென்று அருள்நாயகி கன நாள் அவருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசத் தொடங்கியபோது ஒன்றுதான் சொன்னாள்: அந்தப் பெடியனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து அனுப்பிவிடுங்கோ.

ஆடி அமாவாசை விடிய ஏரிக்கரைக்குப் போனோம். அருள்நாயகி தண்ணீர்ப் பக்கம் வரமாட்டாள். தனக்குப் பதிலாக என்னை அனுப்பினாள். நிலக்சிதான் கார் ஓட்டினாள். மூடுபனிப் புகாரில் ஏரி தெரியவில்லை. தண்ணீர் கல்லில் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மூர்த்தி அண்ணை முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்று, எள்ளையும் தண்ணீரையும் விரல்வழியே விட்டார். பிறகு புகாரைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"சிவபாதம்."

கொஞ்சம் பொறுத்து, "சிவபாதம்."

நான் மூன்றாவதுக்குக் காத்துக்கொண்டு நின்றேன். அவர் கூப்பிடவில்லை. கரைக்கு ஏறி வந்துவிட்டார்.

"ஏன் அண்ணை, மூண்டாம் தரம் கூப்பிடேல்லை?"

"கூப்பிட்டால் வந்திடுவான்."

"வந்தால் வரட்டுமே. பிள்ளையைக் காப்பாத்தித் தந்தவன்தானே."

அவர் வேட்டியைப் பிழிந்தபடி நின்றார். "தட்டினது அவனெண்டால், கீழை நிண்டு பிள்ளைக்குக் கைகாட்டினது ஆர்? கைகாட்டினது அவனெண்டால், தட்டினது ஆர்? ரெண்டும் அவன்தானோ எண்டும் நினைக்கிறன். நான் திரும்பிறனோ எண்டு பாத்திருக்கிறான்."

எனக்குப் பயம் வந்தது. அதை மறைக்கிறதில் என்ன இருக்கிறது? கார் எங்களுக்கு முன்னால், மேட்டில் நின்றது. நான் விறுவிறு என்று நடக்கத் தொடங்கினேன். அவர் பின்னால் வந்துகொண்டிருந்தார். காலடிச் சத்தம் நின்றது.

"ஓம், வாறன்," என்றார் அவர்.

திரும்பிப் பார்த்தேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"பிள்ளை கூப்பிடுறாளெல்லே."

நிலக்சி காரின் கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு, சீற்றைச் சரித்து, நித்திரையாய்க் கிடந்தாள். நான் மூர்த்தி அண்ணையின் மணிக்கட்டைப் பிடித்தேன். ஊர் முறைக்கு அது சரியோ பிழையோ, கார்க் கதவு மூடும்வரை விடவில்லை.

இப்போது அவர்கள் விட்பியில் புது வீடு வாங்கிப் போய்விட்டார்கள். மூர்த்தி அண்ணையை ஒரு தரம் கூப்பிட்டாலே போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார். அன்றைக்குக் காது மந்தம் என்று பகிடி பண்ணியவர்கள் இன்று, பார் மனிதர் எவ்வளவு மாறிவிட்டார் என்கிறார்கள். போன கிழமை அங்கே போயிருந்தேன். நானும் அருள்நாயகியும் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். நிலக்சி வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. மேல்மாடியிலிருந்து அவருடைய குரல் கேட்டது.

"ஓம், வாறன்."

அருள்நாயகி கத்தியை வைத்துவிட்டு எழும்பினாள். எழும்பிப் போய் வாசல் கதவின் இரண்டு பூட்டையும் போட்டு, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்ப வந்து வெங்காயத்தை எடுத்தாள்.