அளந்து கொடுத்தவளுக்குச் சொல்லவில்லை

போன வாரம் டவுணில் ஒரு கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். படிக்கிற கண்ணாடிக்கு பிரேம் மாற்ற வேண்டியிருந்தது. சுவரில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று கடையில் இருந்த எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

ராக்கெட்! ஒரு தனியார் கம்பெனியின் ராக்கெட். நெருப்பும் புகையுமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. கீழே எழுத்து ஓடியது — ராணுவத்தின் சோதனை விண்கலத்தைச் சுமந்து வெற்றிப் பயணம்.

கடைக்கார அண்ணாச்சி கை தட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இதுல நம்ம பேட்டை சாமான் ஒண்ணு இருக்குல்லாம்மா? நீங்கதான எழுதியிருந்திய! நான் அதைக் கத்தரிச்சு வச்சிருக்கேன்."

ஆமாம். நான்தான் எழுதினேன். வாராவாரம் எழுதும் இதே பத்திரிகைப் பக்கத்தில், நிறைய ஆச்சரியக்குறிகள் போட்டு. உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். பேச்சியம்மாளும் அவள் கணவர் சுடலைமுத்துவும் பேட்டையில் நடத்தும் சின்னப் பட்டறை. அங்கே செய்யும் ஒரு வளையம் ராக்கெட்டில் ஏறி வானத்துக்குப் போகிறது என்று எழுதியிருந்தேன்.

அண்ணாச்சிக்குத் தலையை ஆட்டினேன். சிரிப்புதான் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன்.

பேச்சி என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். ஐ.டி.ஐ. படித்தாள். பட்டறையில் மெஷின் எல்லாம் சுடலைமுத்து பொறுப்பு. அளந்து பார்ப்பது பேச்சியின் பொறுப்பு. ராக்கெட் எரிபொருள் குழாயின் வால்வுக்குள் உட்காருகிற வளையம் அது. தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். ஆனால் தலைமுடியின் கனத்தில் ஒரு சிறு பங்கு கூடினாலும் குறைந்தாலும் தூர எறிய வேண்டியதுதான். பேச்சி ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து, ரிப்போர்ட்டில் எண்களை எழுதி, அடியில் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து இல்லாமல் கம்பெனி எதையும் வாங்காது.

முதல் இரண்டு தடவை அந்த ராக்கெட் கொண்டுபோனது வானிலை பார்க்கிற செயற்கைக்கோள்களை. பேச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. "புன்னக்காயல்ல ஒருத்தன் காத்து வருதுன்னு தெரிஞ்சு கடலுக்குப் போகாம இருந்தாம்னா, அதுல எனக்கும் ஒரு பங்கு உண்டுட்டி" என்பாள்.

மூன்றாவது தடவை, வளையங்கள் தயாரான பிறகு கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த முறை ராக்கெட்டை எடுத்திருப்பது ராணுவம். ஏற்றிப்போவது ஒரு சோதனை விண்கலம். அது என்ன செய்யும், எத்தனை நாள் மேலே இருக்கும் என்ற விவரங்களை யாரும் கேட்க வேண்டாம். அவ்வளவுதான் கடிதம்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. உலகம் பூராவும் இப்போது இப்படித்தான். ராணுவம் தனியாக ராக்கெட் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. வியாபாரத்துக்கு ஓடும் ராக்கெட்டில் இடம் பிடித்தால் போதும். விண்கலம் மேலே போகும், சுற்றும், ஒருநாள் திரும்பி வரும். என்ன செய்தது? சோதனை. என்ன சோதனை? ... பதில் கிடையாது.

பேச்சி வளையங்களை அளந்தாள். எண்களை எழுதினாள். பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் எனக்குப் போன் வந்தது. சுடலைமுத்து.

"மதினி, கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன். இவ கையெழுத்துப் போட மாட்டேங்கா. கம்பெனிக்காரவ போன் மேல போன் போடுதாவ. என்ன சொல்லன்னே தெரியல."

போனேன். அளவு பார்க்கிற சின்ன ஏ.சி. அறையில் பேச்சி தனியாக உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் வளையங்கள் பஞ்சு வைத்த பெட்டியில் இருந்தன. பக்கத்தில் ரிப்போர்ட்.

"என்னட்டி ஆச்சு? ராணுவம்னா உனக்கு ஆகாதா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பேச்சியின் தம்பி முருகன் பட்டாளத்தில் இருந்தவன். எல்லையில் காவலுக்கு நின்றபோது ஒரு பகல் வேளையில் வானத்திலிருந்து ஏதோ வந்து விழுந்தது. வருகிற சத்தமே கேட்கவில்லையாம். கூட நின்றவன் சொன்னானாம். மூடிய பெட்டியாகத்தான் ஊருக்கு வந்தான். திறந்து காட்டவில்லை. நானும்தான் அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்றேனே!

பேச்சி கோபப்படவில்லை. பைய சொன்னாள்.

"எந் தம்பி மேல விழுந்ததையும் எங்கனயோ ஒருத்தி இப்படி உக்காந்து அளந்துதான அனுப்பியிருப்பா? அளவு சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுருப்பாள்லா? அவளுக்கும் எதுக்குன்னு தெரிஞ்சிருக்காது. வேலையை முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பா. மூணு நாளா அவளையே நெனச்சிட்டு இருக்கேன்ட்டி."



வாசலில் நின்ற சுடலைமுத்து உள்ளே வந்தார். "அப்படியும் வச்சுக்கிடலாம், இப்படியும் வச்சுக்கிடலாம்லா? மேலயிருந்து பாக்க ஒண்ணு நம்மகிட்ட அன்னைக்கே இருந்திருந்தா, முருகன் தலைக்கு மேல வந்தது முன்னாலயே தெரிஞ்சிருக்கும். இது அதுக்கான சாமானா இருந்தா?"

"இருந்தா போடுதேன். இருக்குன்னு யாராவது சொல்லட்டும். இப்பமே போடுதேன்."

"சொல்ல மாட்டாவளே, பேச்சி."

"அதான் நானும் போடல."

இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. சண்டையில் இரண்டு பக்கமும் சரி என்றால் கேட்டுக்கொண்டிருப்பவர் என்ன செய்வார்? நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். "போட்டுத் தொலையேன்ட்டி, நீ போடலன்னா வேற யாராவது போடத்தான போறாங்க" என்றேன். வாராவாரம் உங்களுக்கெல்லாம் யோசனை சொல்கிற ஆளிடம் அன்றைக்கு இருந்த யோசனை அவ்வளவுதான்.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு என்ஜினியர் காரில் வந்து இறங்கினார். நானும் இருந்தேன். நல்ல மனிதர். அதிகாரம் பண்ணவில்லை.

"நாங்க லாரி சர்வீஸ் மாதிரி மேடம். லோடு என்னன்னு பார்ட்டிக்குத்தான் தெரியும். நாங்க கொண்டுபோய் விடறதோட சரி."

"லாரிக்காரன்கூட பில்லைப் பாப்பான்லா சார்?" என்றாள் பேச்சி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கும் தெரியாது மேடம். எங்க டீம்ல யாருக்குமே தெரியாது. எடை எவ்வளவு, நீளம் எவ்வளவுன்னு மட்டும் குடுத்திருக்காங்க."

அவர் முகத்தைப் பார்த்துப் பேச்சிக்கே பாவமாகிவிட்டது போல. பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே தன் குண்டு எழுத்தில் ஒரு வரி எழுதினாள்: "அளவு சரி. எதற்கு என்று எனக்குத் தெரியாது."

சுடலைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். என்ஜினியர் அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். செல்போனில் படம் எடுத்து மேலதிகாரிகளுக்கு அனுப்பினார்.

சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது. அந்தப் படிவத்தில் குறிப்பு எழுத இடம் கிடையாது. புதிய படிவத்தில், கூடுதல் வரிகள் இல்லாமல், திரும்ப அனுப்பவும்.

யோசித்துப் பார்த்தேன். வளையத்தின் உள்சுற்றை எழுத இடம் உண்டு. வெளிச்சுற்றை எழுத இடம் உண்டு. அறையின் வெப்பம் எவ்வளவு என்று எழுதக்கூட ஒரு கட்டம் உண்டு. 'தெரியாது' என்று எழுதத்தான் இடமில்லை. இவ்வளவு நுணுக்கமாகப் படிவம் தயாரித்தவர்கள் அதை மறந்தா விட்டிருப்பார்கள்?

அந்த வரி இல்லாமல் போட மாட்டேன் என்றாள் பேச்சி. பட்டறை முதலாளி கையெழுத்தும் செல்லும் என்றது கம்பெனி; புதிய படிவத்தில் சுடலைமுத்து போட்டார். ஆறு பேர் வேலை பார்க்கிற பட்டறை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முருகனுக்குத் துப்பாக்கி பிடிக்கிற வயது வருமுன்னே சைக்கிள் ஓட்டப் பழக்கியவர் அவர். அவருக்கும் துக்கம் உண்டு. அது வேறு மாதிரி துக்கம், அவ்வளவுதான்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பேச்சி அத்தனை வளையங்களையும் மறுபடி ஒருமுறை அளந்தாள். நான் வியந்துபோய்ப் பார்த்தேன்.

"இவியளுக்குக் கிட்டப் பார்வை சரியில்ல. தப்பான எண்ணுக்குக் கீழ இவிய பேரு இருந்துரக் கூடாதுல்லா?" என்றாள், கணவரைக் காட்டி. அளந்து முடித்ததும் மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினாள். மறுநாளிலிருந்து அந்த அறைக்கு வரவில்லை.

கண்ணாடிக் கடையில் நான் பார்த்தது அந்த ராக்கெட்டைத்தான். எங்கும் கசியவில்லை, எதுவும் வெடிக்கவில்லை. விண்கலம் இப்போது நம் தலைக்கு மேலே எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அது ஒரு உயிரைக் காக்குமோ, எடுக்குமோ... பேட்டையில் யாருக்கும் தெரியாது. டவுணிலும் தெரியாது.

கடையிலிருந்து நேரே பேட்டைக்கு பஸ் ஏறினேன். பேச்சியை அவள் பட்டறைக்கு இரண்டு கேட் தள்ளி இருக்கும் வேறொரு ஷெட்டில்தான் பார்க்க முடிந்தது. கிணற்று மோட்டாருக்கு பாகங்கள் செய்கிற இடம். அங்கேயும் அளவு பார்க்கிற வேலைதான்.

"ராக்கெட் போயிருச்சுட்டி. டி.வி.ல பாத்தேன்" என்றேன்.

"சொன்னாங்க. நல்லபடியாப் போச்சாமே" என்றாள். கையிலிருந்த வாஷரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "அளவு சரியாத்தான் இருந்திருக்கு."

அதில் சந்தோஷம் இருந்ததா, வருத்தம் இருந்ததா? இத்தனை வருடம் பழகியும் எனக்குப் பிடிபடவில்லை.

தினமும் இரண்டு பேரும் ஒரே பைக்கில்தான் வேலைக்கு வருகிறார்கள். அவளை இந்த கேட்டில் இறக்கிவிட்டு அவர் அந்த கேட்டுக்குப் போகிறார். சாயங்காலம் வந்து ஹார்ன் அடிக்கிறார். வீட்டில் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. வேலையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அதைத் தவிர அவர்கள் வேறெதையும் பேசி நான் கேட்டதே இல்லை.