என் கல்யாணத்துக்கு நானே சொன்ன தடை

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல யாரும் உண்டா என்று போதகர் கேட்பார். யாரும் சொல்வதில்லை. சொன்ன ஒரே ஆள் நான். மாப்பிள்ளையும் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வீடு பாறசாலைப் பக்கம். பெண் அமரவிளையில் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தடைக்குக் காரணம் கைப்பழக்கம்; இப்போது சுயஇன்பம் என்று எழுதுகிறார்கள். அது உள்ளவன் குடும்ப வாழ்க்கைக்கு உதவமாட்டான், நரம்பு வற்றிவிடும் என்று காட்டாக்கடையில் ஒரு வைத்தியர் சொல்லி லேகியம் தந்திருந்தார். அதைத் தின்று வயிறு போனதுதான் மிச்சம். கெட்டுப்போன உடம்பை ஒரு பெண்ணின் தலையில் கட்டக்கூடாது என்று கடைசி ஓலையன்று எழுந்தேன். "தடை உண்டு" என்றேன். அதற்குமேல் நாக்கு எழவில்லை.

எங்கள் பக்கத்துத் தமிழ் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்ற கிளர்ச்சி நடந்த காலம் அது. புதிய எல்லை எங்கே விழும் என்பதைத் தவிர ஊரில் வேறு பேச்சில்லை. அதனால் நான் சொல்லாத காரணத்தைச் சபையே கண்டுபிடித்தது: எல்லை போட்டால் பெண்வீடு அந்தப் பக்கம் போய்விடுமாம், அதனால் வேண்டாம் என்கிறேனாம். வாசலுக்கு வந்ததும் ஒருவர் மாலை போட்டார்.

"எலே மக்கா, நீயாக்கும் ஆம்பள!"

அது சந்தேகமாக இருந்ததால்தானே நான் எழுந்ததே.

கடைசி ஓலை கேட்க வந்திருந்த பெண்ணின் அப்பா மட்டும் என் முன்னால் வந்து கேட்டார்: "எனக்க மொவ என்ன எல்லைக்கல்லாடே?"

போதகர் என்னை உள்ளறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். கழுத்தில் மாலையோடு உண்மையைச் சொன்னேன். அவர் குடையைக் கையில் எடுத்தார்.

"ஜெபத்துல தீருற காரியமில்ல. டாக்டர்ட்ட வா."

ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். பின்னால் கோஷம் போட்டுக்கொண்டு ஒரு கூட்டமே வந்தது.

"வெளிய யாருடே இவ்வளவு பேரு?" என்றார் டாக்டர்.

"இவனுக்க ஆதரவாளருங்க" என்றார் போதகர்.

டாக்டர் என்னைப் பரிசோதித்தார். வலி உண்டா, புண் உண்டா, இதனால் வேலை கெட்டதுண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"அப்போ உனக்கு ஒரு சீக்கும் இல்ல. ஆணும் பெண்ணும் செய்யியதாக்கும் இது. நரம்பும் வத்தாது, ஒண்ணும் தீந்தும் போவாது. கைய கழுவு, உடம்ப நோவிக்காத, அதே நெனப்பா வேலவெட்டிய விட்டுராத. அந்த லேகியத்த முதல்ல தூரக் கள."

சாயங்காலம் போதகர் என்னை அமரவிளைக்கு அழைத்துப்போனார். அவர் பெண்ணின் அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கையில், கிணற்றடியில் நின்ற அவள் கேட்டாள்.

"எல்லைக்காகவா என்னை வேண்டாம்னு சொன்னிய?"

"இல்ல" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளதைச் சொன்னேன். நிமிர்ந்தால், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

"இதுக்கா எழும்பினிய? இதுக்கு எழும்பணும்னா ஆம்பளமாரு பக்கம் ஒருத்தனும் பெஞ்சுல இருக்கமாட்டானே!"

அடுத்த ஞாயிறு மறுபடி எழுந்து, "தடை இல்லை" என்றேன். "துரோகி!" என்று கத்தினார் மாலை போட்டவர். நான் ஆண்கள் பக்கத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.