காற்று திரும்பினால் வில்லை இறக்குபவர்

கோவளம் வில்வித்தைத் திடலை ஒட்டிய சவுக்குத் தோப்பில் முயல்கள் உண்டு. திடலில் என் பக்கத்தில் பயிற்சி செய்த ஒல்லியான மனிதர், ஒவ்வொரு அம்புக்கும் முன் மணலைத் தூவிப் பார்ப்பார். காற்று முதுகுப் பக்கமிருந்து அடித்தால் வில்லை இறக்கிவிடுவார். மோப்பம் பிடிக்கும் விலங்குக்கு முன்னால்தான் அப்படிச் செய்வார்கள்; இலக்கு அட்டைக்கு மூக்கா இருக்கிறது?

ஒருநாள், கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லை விட்டுவிட்டு வெறும் மூங்கில் வில்லோடு வந்தார்.

"இதுல குறி தப்புமே?" என்றேன்.

"அத்த இழுத்துக் குறி பாக்கறதுக்குள்ள ஓடிப்பூடுது சார்."

"அட்டை எங்கே ஓடும்?"

அவர் சிரித்தார். "சும்மா பேச்சுக்குச் சொன்னேன் சார்."

அதன்பின் அவர் திடலுக்கு வரவில்லை. வனத்துறையிடம் போய்ச் சொல்ல, அந்தச் சிரிப்பைத் தவிர என்னிடம் எதுவுமில்லை. காலையில் தோப்பைக் கடக்கும்போது முயல்களைத் தேடுகிறேன். இன்று ஒன்றுதான் தெரிந்தது.