நடுவில் வழி, சுற்றிலும் ஊர்

பேளுக்குறிச்சிச் சந்தைக்கு நாங்கள் இறங்கும் காட்டுவழியை அடைக்கப் போவதாகப் பாரஸ்ட் கார்டு வந்து சொன்னது பங்குனி மாதத்தில். போகிறவர்கள் வருகிறவர்கள் போடும் பீடி நெருப்பால்தான் காடு எரிகிறது என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டதாம். சொன்னதோடு நிற்கவில்லை, இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு வழியின் வாயை அடைத்துவிட்டார். எட்டாம் நாள் மேலதிகாரி ரேஞ்சர் வருவார், சொல்ல வேண்டியதை எழுதி வையுங்கள், ஒரு தடவைதான் கேட்பார் என்றார்.

அந்த வழி இல்லையென்றால் மலையைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை நாள் நடக்க வேண்டும். சித்திரையில் பலா பழுக்கத் தொடங்கிவிடும். பழுத்த பலா ஒன்றரை நாள் தலைச்சுமை தாங்காது. அதை விற்றால்தான் எங்கள் ஊருக்கு உப்பும் துணியும்.

எங்கள் ஊரில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். அடிவாரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி எட்டாவது வரை படித்தவன். மனு எழுதும் வேலை என்மேல் விழுந்ததில் எனக்குப் பெருமைதான். வீடுவீடாகப் போய், வழி எதற்கு வேண்டும் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பழகியபடி ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதினேன். பதினேழு காரணங்கள் சேர்ந்தன. ஊரைக் கூட்டி உரக்கப் படித்தேன்.

"நிறுத்து கண்ணு," என்றார் தேனெடுக்கும் மாமா. "இப்ப படிச்சது எங்க ஊட்டுச் சங்கதிதானே? அது எத்தனாவது?"

"பதினொண்ணுங்க மாமா."

"கோயில்ல எங்க ஊட்டுக்குத் தேங்கா மூடி ரெண்டாவதா வருது. நீ பதினொண்ணுல கொண்டாந்து ஒக்கார வச்சிருக்கே?"

"அது வரிசை இல்லீங்க. சும்மா எண்ணிக்கை."

"எண்ணுனா வரிசைதானே? எட்டாப்புப் படிச்சா ஊரையே கலைச்சு அடுக்குவியா?"

"ஒண்ணாவது யாருன்னு கேளுங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அவங்க ஊடுதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் வீட்டிலிருந்து கேட்கத் தொடங்கியதால் வந்த வினை அது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

எங்கள் ஊரில் கோயில் பிரசாதமானாலும் கல்யாணப் பந்தியானாலும் இன்ன வீட்டுக்குப் பிறகு இன்ன வீடு என்று ஒரு முறை உண்டு. அங்கேயே பிறந்து வளர்ந்த நான் அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. சரி, கோயில் வரிசைப்படியே மாற்றி எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். முதல் மரியாதை வீட்டுக்காரர் சொன்ன காரணம், மருமகள் வளைகாப்புக்கு வளையல் வாங்க வேண்டும் என்பது. அதை முதலில் படித்தால் ரேஞ்சர் இரண்டாவதைக் கேட்கமாட்டார். அப்படியும் எழுத முடியவில்லை, இப்படியும் முடியவில்லை. மூன்று நாட்கள் போய்விட்டன.

நான்காம் நாள் காலை, சாமை காயப்போடும் பாறைக்குப் போனேன். காகிதம் தீர்ந்துகொண்டிருந்ததால் அடுப்புக்கரி எடுத்துப் போயிருந்தேன். பூகோள வகுப்பில் வரைந்த காவிரி நினைவுக்கு வந்தது. பவானி ஓரிடத்தில் சேரும், நொய்யல் ஓரிடத்தில் சேரும். எது முதல் என்று அங்கே யாரும் சண்டைக்கு வருவதில்லை. பாறையின் நடுவில் ஒரு வட்டம் போட்டேன். அதுதான் வழி. அதிலிருந்து சுற்றிலும் கிளைகளாகப் பதினேழு கோடுகளை இழுத்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வீட்டின் காரணத்தைப் படமாகப் போட்டேன். எழுதினால் படிக்கத்தான் ஆளில்லையே. பலா, உப்பு, மாடு, தேன்கூடு, வளையல்.

எங்கள் அண்ணி சாமை முறத்தோடு வந்தவர் நின்றுவிட்டார். "இது என்ன கொழுந்தனாரே, சிலந்தியா?"

விஷயத்தைச் சொன்னேன். முறத்தை வைத்துவிட்டு, தன் பலாக்கிளை இருந்த பக்கம் போய் நின்றுகொண்டார். சற்று நேரத்தில் இன்னும் சிலர் வந்தார்கள். உச்சிவேளைக்குள் ஊரே பாறையைச் சுற்றி நின்றது. அவரவர் படத்துக்கு எதிரே அவரவர். யாருக்கும் தன் சங்கதி கடைசியில் இல்லை. எல்லோருக்கும் அதுதான் பக்கத்தில் இருந்தது. தேனெடுக்கும் மாமாகூடத் தேன்கூட்டைப் பார்த்து, "கொளவிக்கூடு மாதிரி இருக்குது," என்றதோடு சரி.

பிறகு, சந்தையிலிருந்து உப்பு வாங்கிவந்து ஊருக்கு விற்கும் உப்புக்காரர் என் கையிலிருந்த கரியை வாங்கினார். வாழ்நாளில் எழுதுகோல் பிடித்திராதவர். "எங்க உப்பு இவங்க மாட்டுக்கும்தானே போவுது," என்று தன் கிளையிலிருந்து மாட்டுக்கு ஒரு கோடு இழுத்தார். மாட்டுக்காரர் தன் எருவைச் சாமைக்கு இழுத்தார். கரி கைமாறிக்கொண்டே போனது. வழியில் எங்கே சுமை இறக்குவோம் என்று பேச்சு வந்தபோது, ஊற்று இருக்கும் இடத்துக்கு மாமா ஒரு கல்லை வைத்தார். "எங்களுக்கும் அங்கதான்," "எங்களுக்கும்," என்று ஒவ்வொருவராகக் கல்லுக்குக் கோடு போட்டார்கள். பதினேழு கிளையும் அந்தக் கல்லைத் தொட்டது.

அண்ணி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன மாசியில தீயை அங்கிருந்துதானுங்க பாத்தோம். சந்தைக்குப் போன பொம்பளைங்க கூடையை இறக்கி வச்சுட்டு, தழையை ஒடிச்சு அடிச்சே அணைச்சோம்."

"அதுக்கு முந்தின வருசம் நாங்க," என்றார் மாட்டுக்காரர்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. வழியில் ஆள் நடப்பதால் காடு எரியவில்லை. ஆள் நடப்பதால்தான் தீ தெரிகிறது, அணைகிறது. வீடுவீடாகக் கேட்டேனே, இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. மறைத்துவைத்தவர்களும் இல்லை. இந்தக் காரணம் யார் தலையிலும் இல்லை. பதினேழு பேர் நினைப்பும் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் அது கிடந்தது. அதுவரை நான் யோசனை என்றால் ஒருவன் தனியே உட்கார்ந்து செய்வது என்றே எண்ணியிருந்தேன்.

தீயை அணைத்த சங்கதியை வைத்து அன்று மாலையே மனுவை எழுதினேன். எண் போடவில்லை.

ரேஞ்சர் குதிரையில் வந்தார். மனுவைப் படித்ததும், "இதை யார் சொன்னது?" என்று கேட்டார். ஒருவரை மட்டும் காட்ட முடியாதே. பாறைக்கு அழைத்துப்போனோம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றி நடந்தார். பிரம்பால் ஒவ்வொரு கிளையாகத் தொட்டார். தொட்ட கிளைக்குரியவர் பதில் சொன்னார்.

"பீடி குடிப்பது உண்டா இல்லையா?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் உப்புக்காரர் முந்திக்கொண்டார். "குடிக்கிறமுங்க சாமி. பொய் எதுக்கு? ஊத்துத் தண்ணியில நனைச்சுத்தான் போடுறமுங்க."

ரேஞ்சர் அவரையே பார்த்தார். பிறகு கல்லைப் பிரம்பால் தட்டினார்.

"ஊற்றைத் தாண்டி நெருப்பு கொண்டுபோகக் கூடாது. மாசியிலும் பங்குனியிலும் இரண்டு ஆள் அங்கே காவல் இருக்க வேண்டும். சம்மதமா?"

"சம்மதமுங்க."

தனக்கு மேலே இருக்கும் வெள்ளைக்காரத் துரைக்கு எழுதி உத்தரவு வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பதில் வருமா வராதா என்று தெரியாமலே பங்குனி கழிந்தது. மரத்தில் பலா மணக்க ஆரம்பித்தது. சித்திரையில் ஒரு சந்தை நாள் விடியலில் கார்டு வந்து, கவைக்கோலால் முள்ளை இழுத்து ஓரம் தள்ளத் தொடங்கினார். ஊரே நின்று பார்த்தது. பாதி முள் கிடக்கும்போதே கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணி தலையில் கூடையோடு வந்தார்.

"நகருங்க சாமி, பழம் வெடிச்சிரும்," என்று கார்டிடம் சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முள்ளைத் தாண்டி இறங்கிப் போனார்.