கல் யானையின் தோளில் கடல்

ஜெயங்கொண்டத்துக்கு அருகே உள்ள ஒரு பழைய ஜமீன் மாளிகையின் தோட்டத்தில், சிலைகளைப் பழுது பார்க்கும் பணி எனக்கு இருமுறை வாய்த்தது. தாமரை ஏந்திய பெண்கள், இரண்டு சிங்கங்கள் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு செய்த சுதை உருவங்கள். குளக்கரையில் மார்பளவு உயரத்தில் நின்ற யானை மட்டும் ஒரே கல்.

முதன்முறை சென்றபோது எனக்கு நாற்பது வயது. யானையின் மேல் படிந்திருந்த பழைய வெள்ளைக்கு அடியில் அம்மை வடுக்களைப் போலப் பள்ளங்கள் தெரிந்தன. அவற்றைச் சிமெண்டால் அடைத்து, வழுவழுப்பாகத் தேய்த்து, வெள்ளையடித்தேன். "யானைக்கு வயசு கொறஞ்சுபோச்சு மேஸ்திரி" என்று வீட்டு அம்மாள் மெச்சினார். அச்சொல்லைப் பல ஆண்டுகள் நான் பலரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

சென்ற தை மாதம் அவருடைய பேத்திக்கு நிச்சயதார்த்தம். மீண்டும் என்னையே அழைத்தார்.

"போன தடவ மாதிரியே பண்ணிருங்க. ஒரு பொத்தல் தெரியக் கூடாது. நாளான்னிக்கு சம்பந்தி வூட்டுக்காரங்க வர்றாங்க, ஏதாவது நொட்டை சொல்லுவாங்க."

என் பழைய பூச்சு பிடிப்பு விட்டிருந்தது. உளியால் மெல்லத் தட்டினேன். உள்ளங்கை அளவு சிமெண்ட் வில்லை ஒன்று முழுதாகக் கையில் வந்தது. திருப்பிப் பார்த்தேன். அதன் உட்புறத்தில் விசிறி போன்ற கிளிஞ்சலொன்று, வரி பிசகாமல் அச்சாகியிருந்தது. அருகே ஒரு நத்தைச் சுருள். யானையின் தோளை நனைந்த சாக்கால் துடைத்தேன். கல் கருஞ்சிவப்பாக மாறியது. அதனுள் வெண்ணிறக் கிளிஞ்சல்கள் நெருக்கியடித்துக் கிடந்தன.

இம்மண் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்பவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காதோடு போன செய்தி அது. இப்போதோ என் விரல் நுனி அக்கடலின் மேல் இருந்தது.

"என்ன மேஸ்திரி, யானை ரகசியம் சொல்லுதா?" என்று கலவை குழைத்துக்கொண்டிருந்த சித்தாள் அம்மாள் கேட்டார். எட்டிப் பார்த்தவர், "அட, கடல்ல குளிச்சிட்டு ஒடம்பு தொடைக்காம வந்துருக்கு!" என்றார்.

கலவை தயாராக இருந்தது. மீண்டும் அடைத்துவிட்டால் மதியத்துக்குள் வேலை முடியும். என் நல்ல பெயரும் நிலைக்கும். நான் வில்லையை எடுத்துக்கொண்டு மாளிகைக்கு நடந்தேன்.

வீட்டு அம்மாள் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நீங்க முன்ன பண்ணது?"

"தப்புங்கம்மா. பொத்தல்னு நெனச்சு அடைச்சிட்டேன்."

அவர் குளக்கரைக்கு வந்து, ஒரு குடம் நீரை யானையின் தோளில் ஊற்றினார். நீர் வழிய வழியக் கிளிஞ்சல்கள் பளிச்சிட்டன.

"அம்பது வருசமா இதத் தாண்டித்தான் போறேன்" என்றார். பின்பு, "நீங்க பூசுனத பூரா எடுத்துற முடியுமா, நாளான்னிக்குள்ள?"

"சம்பந்தி வூட்டுல..."

"அவங்களும் பாக்கட்டுமே."

அன்றும் மறுநாளும் உளி எந்தக் கிளிஞ்சல் ஓட்டிலும் பட்டுவிடலாகாதே என்ற ஒரே அச்சத்தோடு, என் பூச்சை நானே பெயர்த்தேன். ஒரு பின்னங்கால் மட்டும் முடியவில்லை. வந்தவர்களிடம் அதைக் காட்டி, "இது மட்டும் எங்க மேஸ்திரி பண்ணுன யானை" என்று அம்மாள் சிரித்தாராம். அக்காலுக்குள் என்னென்ன இருக்கின்றனவோ, இதுவரை எவரும் கண்டதில்லை.