டேப்பைக் கொடுத்தேன், துணையைக் கேட்கவில்லை

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பள்ளியின் டேப்லெட்டைக் கொடுத்து, "உங்க சந்தேகத்துக்கு நீங்களே பதில் தேடி, வீடியோ எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பினேன். இருட்டும் நேரத்தில் செல்வியின் அம்மா போன் செய்தார்.

"டீச்சர், பிள்ள இன்னும் வீட்டுக்கு வரலையே!"

"டேம்ல தண்ணி எம்புட்டு ஆழம் டீச்சர்?" என்று அவள் வகுப்பில் கேட்டது சட்டென்று நினைவுக்கு வந்தது. ஆத்தூர் அணைக்கு ஸ்கூட்டியை விரட்டினேன். முன்னால் போன மில் பஸ் வழிவிடவே இல்லை. ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை நான்.

கரையோரச் சேற்றில், ஒரு கையில் டேப்பும் மறு கையில் நீளக் குச்சியுமாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, மேல வா!"

ஏறி வந்தவள், "நீங்கதான டீச்சர் நீயே தேடுன்னீங்க?" என்றாள்.

இப்போதும் டேப் கொடுக்கிறேன். எங்கே போறே, கூட யாரு வாரா என்று கேட்காமல் கொடுப்பதில்லை. மறுவாரம் செல்வி, "டேமுக்கு, நீங்க வாரீங்க" என்றாள். போனேன்.