திறந்து கிடந்த கேற்

போன கிழமை ஒரு கேற் என்னோடு கதைத்தது.

பொய்யில்லை. பாண் வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் ஒழுங்கை றெயில் பாதைப் பக்கம் திரும்புகிற மூலையில் முழங்கால் பிடித்துக்கொண்டது. பக்கத்து மதில் வாசலில் இருந்த இரும்புக் கேற்றைப் பிடித்தபடி நின்றேன். மயிலண்ணை வீட்டுக் கேற். மயிலண்ணை இல்லை. செத்துப்போனார். வீடு பூட்டிக் கிடக்கிறது. அப்போது தலைக்கு மேலே ஒரு குரல்.

“ஆரது? கேற்றிலை சாயாதேங்கோ.”

பாணை விட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் கேற்றுத் தூணில் ஒரு கமரா, தென்னங்குரும்பட்டி அளவில்.

“றைவர் மாமாவே? குறை நினைக்காதேங்கோ. நான் குகன்.”

குகன் மயிலண்ணையின் மகன். கனடாவில் இருக்கிறான். அங்கே அப்போது இரவாக இருக்க வேண்டும். நித்திரை கொள்ளாமல் தகப்பன் வீட்டுக் கேற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சுகம் கேட்டான். சொன்னேன். சங்கம் நடக்கிறதா என்று கேட்டான். ஓம் என்றேன். தூணைப் பார்த்து எவ்வளவுதான் கதைக்கலாம்? பாணைத் தட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து பார்த்தால் கையில் கேற்றின் கறள். கழுவிய பிறகும் மணம் போகவில்லை. வெயிலில் காய்ந்த இரும்பின் மணம். எனக்கு அது பஸ் மணம்.

நான் பஸ் ஓடினவன். மயிலண்ணை அதே பஸ்ஸில் கொண்டக்ரர். யாழ்ப்பாணத்துக்கும் கீரிமலைக்கும் இடையில் எங்கள் வயசு போனது. அவர் பின்கதவில் நின்று தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி “றைற்” என்பார். அந்தச் சத்தம் கேட்காமல் நான் பஸ்ஸை எடுத்ததில்லை. கண்ணாடியில் பார்ப்பதை விட அவருடைய கையைத்தான் நம்பினேன். பஸ்ஸில் எந்த நெரிசலிலும் அவருடைய குரல் எனக்கு வரும். அப்படி ஒரு தொண்டை.

ஓய்வெடுத்த பிறகு இரண்டு பேரும் எங்கள் பகுதி மூத்தோர் சங்கத்தில் சேர்ந்தோம். பெரிய சங்கம் என்று நினைக்க வேண்டாம். ஒரு மண்டபம், இருக்க இரண்டு நீள வாங்கு, விளையாட ஒரு கரம் போட், ஒரு பேப்பர். பேப்பரைக் கடைசிப் பக்கத்தில் இருந்துதான் வாசிப்போம். எங்கள் வயசுக்குச் செய்தி மரண அறிவித்தலில்தான் இருக்கிறது. மாதம் ஒருக்கால் தாதி வந்து பிறசர் பார்ப்பார். தலைவர் ஒரு பழைய பள்ளி அதிபர். பள்ளிக்கூடம் விட்டு எத்தனையோ வருசம் ஆகியும் மணி அடித்தால்தான் எங்களை எழும்ப விடுவார்.

ஒரு மாரி மழைக்குள் எங்கள் சங்கத்து ரீச்சர் ஒருத்தர் வீட்டுக்குள் செத்துக் கிடந்தார். தனி ஆள். பிள்ளைகள் வெளிநாட்டில். ஒருவருக்கும் தெரியாது. மணம் வந்த பிறகுதான் மதிலேறிக் குதித்தார்கள். அவர் வராத நாட்களில் நாங்கள் மழைக்கு வரவில்லை என்று கதைத்துக்கொண்டு கரம் அடித்திருக்கிறோம்.

செத்தவீட்டால் வந்த அன்றே அதிபர் கூட்டம் போட்டார். சங்கத்தில் பாதிப்பேர் தனிய இருக்கிறவர்கள். எல்லாருக்கும் ஆள் உயர மதில், இரும்புக் கேற். உள்ளே என்ன நடந்தாலும் வெளியில் தெரியாது. ஆகவே ஒரு ஒழுங்கு வைத்தோம். தனிய இருக்கிறவர் விடிந்ததும் தன் கேற்றைத் திறந்து விடவேண்டும். ஒழுங்கைக்கு ஒருவர் சைக்கிளில் போய்ப் பார்ப்பார். கேற் திறந்திருந்தால் ஆள் எழும்பிவிட்டது. மூடியிருந்தால் இறங்கிக் கூப்பிட வேண்டும். சத்தம் இல்லாவிட்டால் ஏறிக் குதிக்க வேண்டும். எங்கள் ஒழுங்கைக்கு இராசையர். தபால்காரராக இருந்தவர். அவருடைய சைக்கிள் செயின் கவர் கடகடவென்று அடிக்கும். நான் தேத்தண்ணி ஊற்றும்போது அந்தச் சத்தம் போகும்.

நல்லாகத்தான் நடந்தது. ரீச்சரை நினைத்தால் கேற் திறக்க ஒருவருக்கும் மறக்காது.

பிறகு விளையாட்டுப் போட்டி வந்தது.

வருசம் ஒருக்கால் வைப்போம். தேசிக்காய்க் கரண்டி ஓட்டம், போத்தலுக்குத் தண்ணீர் நிரப்பல், சங்கீதக் கதிரை. ஓட்டம் என்று சொல்கிறோமே தவிர ஓடுவதில்லை. சங்கீதக் கதிரையில் நான் முதலாவது சுற்றிலேயே வெளியே. எனக்கு வாய்த்த கதிரை றைவர் சீற் ஒன்றுதான். கடைசியில் ஒரு கதிரை. மயிலண்ணையும் அதிபரின் மச்சானும். பாட்டு நின்றது. இரண்டு பேரும் ஒன்றாக அதில் இருந்தார்கள். ஆளுக்கு அரைக் கதிரை. அதிபர் குனிந்து பார்த்துவிட்டு வெற்றியை மச்சானுக்குக் கொடுத்தார்.

சிரிக்கிற விஷயம்தான். மயிலண்ணை சிரிக்கவில்லை. சட்டையைத் தட்டிக்கொண்டு எழும்பி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

“இனி என்ரை வளவுக்குள்ளை உங்கடை சங்கத்து ஆக்கள் ஒருத்தரும் கால் வைக்கப்படாது.”

என்னைப் பார்த்தும்தான் சொன்னார். அடுத்த நாள் சங்கத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஆனால் கேற் திறந்திருந்தது. விடிய இராசையர் வந்து சொல்லுவார். சொல்லி முடியச் சிரிக்க ஒரு பகிடி.

அந்தக் காலையும் அப்படித்தான். இராசையர் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

“மயிலர்?” என்றார் அதிபர்.

“திறந்திருக்கு.”

“அப்ப ஆளும் இருக்கு, கோவமும் இருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேப்பர் வாசித்தோம். கரம் அடித்தோம். வெயில் ஏறிய பிறகு நான் வீட்டுக்கு வெளிக்கிட்டேன்.

ஒழுங்கை மூலையில் மயிலண்ணையின் கேற் நல்லா அகலத் திறந்து கிடந்தது. முன்வளவில் ஒரு ஆடு. அயலில் பரிமளம் வளர்க்கிற ஆடு. மயிலண்ணையின் றோசாக் கன்றைத் தின்றுகொண்டு நின்றது.

அவருடைய றோசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தன் மனுசி செத்த பிறகு வைத்தவை. யாரும் தொடக்கூடாது. காகம் இருந்தாலும் கல்லெடுப்பார். ஆடு என்றால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும் அவருடைய தொண்டை.

ஆடு அவசரப்படவில்லை. ஒரு கன்று முடிந்து மற்றதுக்குப் போயிருந்தது. மெல்ல மெல்ல, முள்ளை விலக்கி, இலையாகப் பார்த்துத் தின்றது. அது அப்படி நின்று தின்றது எனக்குப் பிடிக்கவில்லை.

“மயிலண்ணை.”

சத்தமில்லை.

கேற்றுக்கு வெளியில்தான் நின்றேன். கால் வைக்கப்படாது என்று சொல்லியிருக்கிறார். ஆள் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் கால் வைக்கிறேனா என்று பார்க்கலாம். ரோசக்காரன். வேலை செய்த காலத்தில் ஒரு சின்னச் சண்டைக்கு ஒரு மாதம் என்னோடு கதையாமல் தகரத்தை மட்டும் தட்டினவர்.

வீட்டுக்குள் ரெலிபோன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. யாரும் எடுக்கவில்லை.

“மயிலண்ணை, ஆடு.”

என்னோடு கோவம் இருக்கலாம். ஆட்டோடும் கதையாமல் இருப்பாரா?

உள்ளே போனேன். முன்கதவு சாத்தியிருந்தது. பின்பக்கம் சுற்றினேன். அடுப்படிக்கும் கிணற்றுக்கும் நடுவில் கிடந்தார். ஒரு பக்கமாக. உடுத்திருந்த சாரம் நனைந்திருந்தது. ஒரு கை வாளி விளிம்பைப் பிடித்தபடி. கண் திறந்திருந்தது. அசையவில்லை. ரீச்சரைத்தான் நினைத்தேன். கிட்டப் போய்க் குந்தினேன். தொடப் பயம்.

உதடு ஆடியது. காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

“முதல் ஆட்டைக் கலை.”

வாளியில் இருந்த தண்ணீரைத் தொட்டு உதட்டில் வைத்தேன். இடுப்புக்குக் கீழே கை வைக்க விடவில்லை. தூக்க வெளிக்கிட்டால் பல்லைக் கடித்தார். எப்போது விழுந்தது என்று கேட்டேன்.

“நேற்றுப் பின்னேரம். பொழுது படேக்கை.”

ஒரு இரவு முழுக்க அங்கே கிடந்திருக்கிறார். எனக்கு விளங்கவில்லை.

“அப்ப விடிய கேற்றை ஆர் திறந்தது?”

“நான்தான். பின்னேரமே திறந்திட்டன்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “விடியக்காலமை முழங்கால் மடங்காது. உந்த இரும்பை இழுக்க ஏலாது. மூடிக் கிடந்தால் நீங்கள் எல்லாரும் வந்து நிப்பியள். அதுதான் பொழுது படமுன்னம் திறந்து விடுறனான்.”

இராசையரின் சைக்கிள் போனது அவருக்குக் கேட்டிருக்கிறது. கத்தியிருக்கிறார். பஸ் முழுக்கக் கேட்ட தொண்டை மதில் தாண்டவில்லை. செயின் கவர்ச் சத்தம் நிற்காமல் போனதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

நான் ஒழுங்கைக்கு ஓடினேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். முழங்காலைப் பற்றி அப்போது ஞாபகமில்லை. ஆட்டைத் தேடிக்கொண்டு வந்த பரிமளத்தைச் சங்கத்துக்கு அனுப்பினேன். எல்லாரும் வந்தார்கள். சங்கத்து வாங்கைக் கவிழ்த்துத் துடைத்துக் கொண்டுவந்தார்கள். அதில் அவரைக் கிடத்தித் தூக்கினோம். அதிபர் தலைமாட்டில் பிடித்தார். இராசையர் தூக்கவில்லை. கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். “திறந்துதானே கிடந்தது. திறந்துதானே கிடந்தது,” என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றார்.

ஒழுங்கையில் ஒரு வான் காத்து நின்றது. அதிபர் குனிந்து சொன்னார்.

“மயிலர், அந்தக் கதிரை உம்மடைதான்.”

“பிறகு பாப்பம்.”

உள்ளே கிடத்தினோம். நான் காலடியில் இருந்தேன். வான்காரப் பெடியன் எடுக்கலாமா என்று திரும்பிப் பார்த்தான். மயிலண்ணையின் கை மெல்ல எழும்பித் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டியது.

“றைற்.”

ஆள் தப்பிவிட்டது. இடுப்பில் கம்பி வைத்தார்கள்.

அடுத்த கூட்டம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதிபர் எழும்பி, இனி ஒருவரும் பின்னேரம் கேற்றைத் திறந்து வைக்கப்படாது என்றார். வாங்கில் இருந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். ஒரு ஆள் தொண்டையைச் செருமினார். தானும் அப்படித்தான் செய்கிறவர் என்றார். நாரி நோவாம், விடிய இடுப்பு நிமிராதாம். இன்னொருவர், விடிய யாராவது வந்து கூப்பிட்டால் அயலுக்கு வெட்கம் என்றார். பின்வரிசையில் ஒருவர், போன மழைக்காலத்துக்குப் பிறகு தன் கேற்றை மூடவே இல்லையாம். இராசையர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இவ்வளவு நாளும் காலையில் எதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்? அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேரம் எடுத்துத் துடைத்தார். அவரும் தனிய இருக்கிறவர்தான். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

உதவி வேண்டாம் என்று காட்டத்தான் எல்லாரும் கேற்றைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் மட்டும் செய்யவில்லை. நல்ல மனம் என்று இல்லை. என் கேற் தகரம். காற்றுக்கே திறக்கும்.

அதற்குப் பிறகு இராசையர் திறந்த கேற்றிலும் இறங்கினார். ஒவ்வொரு வாசலிலும் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே இருந்து “ஓம்” என்று ஒரு சத்தம் வந்தால்தான் சைக்கிளில் ஏறுவார். சிலர் ஏசினார்கள். அவர் விடவில்லை. அவருக்குக் கண் தெரியாமல் போகும் வரைக்கும் அப்படித்தான்.

பிறகு கமரா வந்தது. முதலில் தகப்பன் வீட்டில் குகன்தான் பொருத்துவித்தான். அறையில் ஒன்று, விறாந்தையில் ஒன்று, கேற்றில் ஒன்று. பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது. பிள்ளைகள் அங்கிருந்து பார்க்கிறார்கள், இனிக் கேற்றைப் பார்க்க என்ன இருக்கிறது என்று ஆட்கள் சொன்னார்கள். அது சரிதான். கேற்றுகளைப் பூட்டினார்கள். அதிபரை மகள் லண்டனுக்குக் கூட்டிப் போய்விட்டா. மயிலண்ணை நாலுகால் தடியோடு விறாந்தை வரைக்கும் நடந்தார். நான் போனால் கமராவில் துவாயைப் போட்டுவிட்டுத்தான் கதைப்பார். “உவன் எல்லாத்தையும் கேக்கிறான்,” என்பார்.

ஒரு காலையில் குகன் எனக்கு ரெலிபோன் எடுத்தான்.

“மாமா, அப்பா எழும்பேல்லை. ஒருக்கால் போய்ப் பாருங்கோ.”

போனேன். கேற் பூட்டியிருந்தது. கூப்பிட்டேன். மதில் உயரம். ஏறிக் குதிக்கிற வயசு எங்களில் யாருக்கும் இல்லை. ஆள் பிடித்துப் பூட்டை உடைக்கும் வரைக்கும் வெளியில்தான் நின்றேன். மேலே கமரா. அதற்குள்ளால் குகன் அழுகிற சத்தம். அவன் உள்ளே தகப்பனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், கிட்டப் போக ஏலாது. நானும் அப்படித்தான். போன கிழமை நான் பிடித்துக்கொண்டு நின்றது அதே இடம்.

சங்கம் நடக்கிறதா என்று கேட்டானே. நடக்கிறது. மண்டபம் இருக்கிறது. பேப்பர் வருகிறது. வாங்கு ஒன்று மிச்சம். இராசையர் போய்விட்டார். எங்கள் ஒழுங்கையில் தனிய இருந்தவர்களில் நான்தான் இப்போது மிச்சம்.

விடிந்ததும் என் கேற்றைத் திறந்து விடுகிறேன். காற்றுக்குத் திறக்காமல் இருக்க ஒரு கொண்டி போட்டிருக்கிறேன். பின்னேரம் போடுவேன். விடிய நானே எடுப்பேன். பரிமளம் ஆட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். மயிலண்ணை வீட்டில் இருந்து கொண்டுவந்த றோசாத் தடி இரண்டு முன்வளவில் வைத்தேன். பிடித்துவிட்டது. கேற் பகல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. றோசாக் கன்றுகள் ஒரு இலை குறையாமல் நிற்கின்றன.